கனிமச் செல்வர்

எங்கள் ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று அவரே சொன்னால் போதாது. அவர் தலைமுடி சொல்ல வேண்டும். முடி சொன்னதை நுண்கனிம நலவாழ்வு நிறுவனம் கேட்டு, முத்திரை குத்தி, பிறகு அவரிடமே திருப்பிச் சொல்லும். அதுவரை அவர் நன்றாக இருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

நிறுவனம் முளைத்த கதை சின்னதுதான். உடம்பில் துளித்துளியாக இருக்கும் குரோமியம், துத்தநாகம், செலினியம் போன்ற சமாசாரங்களுக்கும் சர்க்கரை நோய்க்கும் ஏதோ தொடர்பு இருக்கலாம் என்று எங்கோ சில ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். குரோமியம் இன்சுலினுக்குக் கூடமாட ஒத்தாசை செய்யலாம், துத்தநாகம் குறைந்தால் ஆபத்து கூடலாம், இன்னும் நிறையப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பயந்து பயந்துதான் எழுதியிருந்தார்கள். எங்கள் இயக்குநர் அதைப் படித்துவிட்டு, பயந்த இடங்களை எல்லாம் அடித்துவிட்டார். மிச்சம் இருந்ததை வைத்து மாடி மாடியாகக் கட்டடம் எழுப்பினார்.

கட்டடம் வந்தபின் சட்டம் வந்தது. முடியில் கனிமம் நிறைய இருப்பவர் கனிமச் செல்வர். அவருக்குச் சர்க்கரை வராது. குறைவாக இருப்பவர் கனிம வறியவர். அவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது, தெரியாவிட்டால் அது அவருடைய அலட்சியம். நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் எந்த மருந்துக் கடையும் யாருக்கும் இன்சுலின் கொடுக்கக் கூடாது. சட்டம் வந்த அன்று ஊரே கை தட்டியது, நானும்தான் தட்டினேன்.

என் அக்கா புருஷன் குழாய் தொழிற்சாலையில் முலாம் பூசுகிறவர். பித்தளைக் குழாயைக் குரோமியத் தொட்டியில் முக்கி, முகம் பார்க்கிற மாதிரி எடுத்துத் தருவார். அதே தொழிற்சாலையில் நான் அந்தக் குழாய்களைப் பெட்டியில் அடுக்குகிறவன். மாமா யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் அவர் காலை யாராவது மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

அவருக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. குடம் குடமாகக் குடித்தார், குடித்த வேகத்தில் கழிவறைக்கு ஓடினார். சட்டை தொளதொளத்தது. அக்கா அவரைத் தெருமுனைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள், கூட நானும் போனேன். டாக்டர் கதவைச் சாத்தினார், ஜன்னலையும் சாத்தினார், பிறகுதான் மாமாவின் விரலில் குத்தினார். மெஷினைப் பார்த்துவிட்டு அதை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"இன்சுலின் போட்டே ஆகணும். தள்ளிப் போட்டா கால்ல, கண்ணுல பிடிக்கும்."

"போடுங்க டாக்டர்," என்றாள் அக்கா.

"என் கையில எங்கம்மா இருக்கு? முடி குடுத்துட்டு வாங்க. நான் ரத்தம் பாத்தேன்னு மட்டும் அங்க சொல்லிடாதீங்க, எனக்கும் குடும்பம் இருக்கு."

நிறுவனத்துக்குப் போனோம். வாசலிலேயே பெல்ட், கடிகாரம், அக்காவின் கம்மல், என் சட்டைப்பை பேனா எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்நிய உலோகம் உள்ளே வந்தால் கருவிகளின் மனம் கலங்குமாம். கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, "முடி பொய் சொல்லாது" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். ஒரு கிழவர் இருமியதால் முதலிலிருந்து சொன்னோம். வெல்வெட் மெத்தையில் கத்தரிக்கோல் வந்தது. அதைக் கொண்டுவந்த பெண்தான் வகைப்பாட்டு அலுவலர். நல்ல பெண், கண்ணில் பக்தி வழிந்தது. அந்த மாதிரி ஆட்களிடம்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மாமாவின் பிடரியிலிருந்து ஒரு கொத்து முடி வெட்டி உள்ளே கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அலுவலர்கள் வரிசையாக வெளியே வந்து மாமா முன்னால் நின்றார்கள்.

"குரோமியம் எங்க கருவியோட அளவையே தாண்டிடுச்சு," என்றாள் அலுவலர். மாமாவைப் பார்த்துக் கை கூப்பினாள். "இப்படி ஒரு செல்வரை நாங்க பாத்ததே இல்ல. உங்களுக்குச் சர்க்கரை வராது."

மாமா தயங்கினார். "அம்மா, நான் நாள் பூரா குரோமியத் தொட்டிகிட்ட நிக்கறவன். அந்த ஆவி தலையில படியும். குளிச்சா தண்ணியே மஞ்சளா போகும்."

"அடக்கமானவர்," என்று அலுவலர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.

"அது இல்லம்மா, ரத்தத்துல சர்க்கரை ஏறிக் கெடக்கு."

"ரத்தம் நிலையில்லாதது. சாப்பிட்டா ஏறும், பட்டினி கெடந்தா எறங்கும். அதோட பேச்சை நம்பி ஒரு நோயை முடிவு பண்ண முடியுங்களா? முடி அப்படி இல்ல. நீங்க என்ன சாப்பிட்டாலும் அது பாட்டுக்கு இருக்கும்."

"தாகம் தாங்கல."

"இவ்வளவு கனிமத்தைச் சுமக்கற உடம்பு, தண்ணி கேக்காதா?"

இன்சுலின் கேட்கப் போன மனிதரைக் கழுத்தில் ரிப்பன் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் காரியமாகச் சொம்பைத் தேடினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுவாரம் பஸ் நிறுத்தங்களில் மாமாவின் படம் முளைத்தது. "இவர் கனிமச் செல்வர். நீங்கள்?" என்று கீழே எழுதியிருந்தது. விழிப்புணர்வுப் பயணம் என்று ஒன்றை ஆரம்பித்து அவரை வேனில் ஏற்றினார்கள். பள்ளிக்கூடம், வங்கி, தீயணைப்பு நிலையம் என்று ஒவ்வொரு இடத்திலும் மேடை போட்டு, கிரீம் வழிய ஒரு பெரிய கேக்கை அவர் முன்னால் வைப்பார்கள். கனிமம் உள்ளவனைச் சர்க்கரை ஒன்றும் செய்யாது என்று மக்கள் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வரமாட்டேன் என்று மாமா சொல்லிப் பார்த்தார். தொழிற்சாலை மேலாளர் கூப்பிட்டு, இது கம்பெனிக்குக் கௌரவம், கௌரவம் வேண்டாம் என்றால் வேலையும் வேண்டாமா என்று அன்பாகக் கேட்டார். மாமா கேக்கை வாயில் போட்டுக்கொண்டு, கை தட்டும் நேரத்தில் கைக்குட்டையில் துப்பப் பழகினார். எல்லாத் துண்டையும் துப்ப முடியாது. கண் மங்க ஆரம்பித்தது, அதற்கும் அவர்கள் ஒரு கனிமத்தின் பெயரைச் சொன்னார்கள்.

ஒருநாள் தொழிற்சாலையில் ஒரு குழாய் நழுவி மாமாவின் வலது கால் கட்டைவிரலில் விழுந்தது. சின்னக் காயம்தான். வேறு யாருக்காவது என்றால் மறந்தே போயிருக்கும். மாமாவுக்கு அது ஆறவில்லை. சிவந்தது, வீங்கியது, ஓரம் கறுத்தது. அக்கா நிறுவனத்துக்கு ஓடி, காயத்தைப் பார்த்தாவது இன்சுலினுக்கு அனுமதி கொடுங்கள் என்று கெஞ்சினாள். காயம் என்பது விண்ணப்பதாரரின் சொந்தக் கருத்து, அதற்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று பதில் வந்தது. அக்கா அந்த வாசலில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். அதை நான் மறக்கவும் இல்லை, மறக்கப் போவதும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். அறுத்த சர்ஜன் நல்ல மனிதர், மாமா அங்கே இருந்த நாட்களில் வேறு மருந்து என்று எழுதி இன்சுலின் போட்டார். வீட்டுக்குப் போனால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, இப்படியே போனால் அடுத்தது பாதம், அதற்கடுத்து முழங்கால் என்று அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னார்.

அன்று மாலை இயக்குநரே பூங்கொத்தோடு வார்டுக்கு வந்தார். பின்னால் அலுவலர், அவளுக்குப் பின்னால் புகைப்படக்காரர். இயக்குநருக்குக் கன்னங்கரேலென்று, சுருள் சுருளாக, ஒரு மயிரும் கலையாத தலை. கட்டில் ஓரத்தில் நின்று எல்லாரும் கேட்கப் பேசினார்.

"இந்த நிறுவனத்தை ஆரம்பிச்சப்போ ஜனங்க ஒடம்பைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னிக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா தயங்கியிருப்பேன். தயங்கியிருந்தா இந்தக் கட்டடம் வந்திருக்குமா? ஒரு விரல் போயிருக்கலாம். ஆனா போன விரலும் செல்வச் செழிப்போட போயிருக்கு, அதுதான் எங்களுக்குப் பெருமை." பிறகு குரலைத் தாழ்த்தி சர்ஜனிடம் கேட்டார். "அந்த விரல் நகத்தை எங்களுக்குத் தர முடியுமா? செலினியம் பாக்கணும்."

மாமா பழக்கதோஷத்தில் கும்பிட்டார். எனக்குப் பூங்கொத்தைப் பிடுங்கி அந்த ஆள் முகத்தில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் இயக்குநரின் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா டோப்பா கட்டுகிறவள். வீட்டு முன்னறையில் மரத்தலைகள் வரிசையாக இருக்கும். வலைத்தொப்பியைக் கவிழ்த்து, கொக்கி ஊசியால் இழை இழையாக முடிந்துகொண்டிருப்பாள். நாடகக்காரர்கள் வருவார்கள், மருந்தில் முடி போனவர்கள் வருவார்கள். யாருக்கு என்று அவள் கேட்பதில்லை, அது அந்தத் தொழிலின் மரியாதை. மாதாமாதம் ஒரு கார் டிரைவர் அட்டைப் பெட்டியில் ஒரு டோப்பாவைக் கொண்டுவந்து, கழுவிச் சீவித் தரச் சொல்லி வாங்கிப் போவான். எங்கள் முதலாளியம்மாவுடையது என்பான். கிருதா வைத்த முதலாளியம்மா.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் வைத்து என் கையைப் பிடித்தாள்.

"அந்த ஆள் தலையில இருக்கறது என் கை முடிச்சுடா. வகிட்டுகிட்ட ரெண்டு வரிசை நெருக்கமாப் போட்டது நான்தான். அத்தனையும் நைலான். நரைக்கவே கூடாதுன்னு கேட்டு வாங்கினாங்க."

"நைலானை அவங்க மெஷின்ல வெச்சா என்னக்கா வரும்?"

"பிளாஸ்டிக் பக்கெட்டை வெச்சா என்ன வருமோ அதுதான் வரும்."

விரல் போனபின் அக்கா சிரித்தது அப்போதுதான். பார்க்க நன்றாக இல்லை, ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

நிறுவனத்தின் ஆண்டு விழாவில் மாமாவுக்குப் பட்டயம் கொடுத்தார்கள். அவர் ஊன்றுகோலோடு மேடை ஏறுவதற்குள் இரண்டு பேர் பேசி முடித்துவிட்டார்கள். குடும்பத்தின் சார்பாக ஒரு வார்த்தை என்று அக்காவிடம் மைக் வந்தது.

"எனக்குப் பேச வராதுங்க. ஒரே ஒரு ஆசை. எங்க வீட்டுக்காரர் முடியையே இவ்வளவு கொண்டாடறீங்க. ஐயாவோட முடி எப்படி இருக்கும்? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஊருக்குக் காட்டணும்."

கூட்டம் கை தட்டியது. இயக்குநர் எழுந்து, நேரம் ஆகிவிட்டது, தேநீர் ஆறுகிறது என்றார். அதற்குள் அலுவலர் கண்ணீரோடு முன்னால் வந்துவிட்டாள்.

"ஐயா, இத்தனை வருஷமா உங்க முடியைக் கேக்க எங்களுக்குத் தைரியம் வந்ததில்ல. இன்னிக்கு ஒரு அம்மா கேட்டுட்டாங்க. மறுத்துடாதீங்க."

"முடி பொய் சொல்லாது" என்று யாரோ ஆரம்பித்தார்கள். மண்டபமே எழுந்து நெஞ்சில் கை வைத்தது. முதலில் எழுந்தவர்களில் நானும் ஒருவன். அக்கா கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னால் போனாள். குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "பயப்படாதீங்க சார், இழுக்க மாட்டேன்" என்று சொன்னாளாம். அந்த ஆளின் முகம் வெளுத்ததை மேடைக்குக் கீழே இருந்த எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டார் என்று நினைத்தார்கள்.

கருவி ஒன்றும் காட்டவில்லை. மூன்று கருவிகளில் வைத்துப் பார்த்தார்கள். குரோமியம் இல்லை, துத்தநாகம் இல்லை, செம்பு இல்லை, எதுவும் இல்லை. அட்டவணையைப் புரட்டினால் இப்படி ஒரு மனிதர் அதில் இல்லவே இல்லை. நோய் எவ்வளவு முற்றியிருந்தும் வெளியே காட்டாமல் எங்களுக்காக உழைத்திருக்கிறார் என்று அலுவலர் மைக்கில் அழுதாள். இயக்குநரைக் கடைசி நிலைக் கனிம வறியவராக அறிவித்து, அன்றைக்கே மீட்பு அறையில் சேர்த்தார்கள்.

மீட்பு அறை அவரே திட்டம் போட்டுக் கட்டியது. மக்கள் பார்த்துத் திருந்தட்டும் என்று மூன்று பக்கமும் கண்ணாடி வைத்தது அவருடைய யோசனை. வேளைக்கொரு தம்ளர் மெக்னீசியக் கரைசல், அது உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வயிற்றைக் கலக்கி எடுக்கும். ஓடுவதற்கு ஒரு மூலையில் தடுப்பு உண்டு, கதவு கிடையாது. சாப்பாடு உப்பில்லாத வேகவைத்த தானியம். நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். அடுத்த வாரம் மாமாவையும் கூட்டிப் போனேன். அவர் பாவப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார், எனக்கு அந்தக் கஷ்டம் எதுவும் இல்லை.

"எனக்குச் சர்க்கரை இல்லம்மா. ரத்தம் எடுத்துப் பாரு," என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ரத்தம் நிலையில்லாததுங்க ஐயா," என்றாள் அலுவலர். "நீங்க சொல்லிக் குடுத்ததுதான்." தம்ளரை நீட்டினாள்.

சில நாளில் இயக்குநர் அக்காவுக்கு ஆள் அனுப்பினார். நானும் கூடப் போனேன். அவர் கன்னம் ஒட்டியிருந்தது, தலை மட்டும் அப்படியே இருந்தது.

"அம்மா, அது என்னன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா என்னை விட்டுடுவாங்க."

"நீங்களே கழட்டிக் காட்டலாமே சார்."

"என் மரியாதை என்ன ஆகறது?"

"எங்க வீட்டுக்காரருக்கு விரலையே கழட்டினாங்க. அவரும் மரியாதையான மனுஷன்தான்."

இயக்குநர் தரையைப் பார்த்தார். "என்ன வேணும் உங்களுக்கு?"

"ரத்தம் பாத்து மருந்து குடுக்கணும். அவருக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். நீங்க இன்னும் இயக்குநர்தானே, எழுதுங்க."

எழுதுகோல் கைக்கு வந்ததும் மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. சர்க்கரை நோய் உண்டா இல்லையா என்பதை இனி ரத்தப் பரிசோதனையே முடிவு செய்யும், முடி தேவையில்லை, மருந்துக்கு நிறுவன அனுமதி தேவையில்லை என்று மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா முழுவதும் படித்தாள். கடைசி வரியில் அவள் கண் நின்றது. அந்தக் கட்டடத்திலிருந்து எந்த ஆணை வந்தாலும் கடைசியில் ஒரு வரி இருக்கும். வரிசையில் நிற்க வேண்டும் என்ற ஆணையிலும் இருந்தது, முடி கொடுக்க வேண்டும் என்ற ஆணையிலும் இருந்தது. அதனால்தான் அவர் தலையை இத்தனை வருஷம் யாரும் தொடவில்லை. எழுதி எழுதிப் பழகிய கை, இப்போதும் தானாக அதை எழுதி வைத்திருந்தது. "இந்த ஆணை நிறுவனத்தில் பணிபுரிவோருக்குப் பொருந்தாது."

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார்," என்றாள் அக்கா. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு நேராக மருந்துக் கடைக்குப் போனோம்.

அன்று சாயங்காலம் கிளினிக் டாக்டர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மாமாவுக்கு இன்சுலின் போட்டார். ஊசி ஏறும்போது மாமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் அவரைப்போல நிறையச் செல்வர்கள் நின்றிருந்தார்கள். ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை மீட்பு அறையில் இயக்குநர் ரத்தம் எடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார். அலுவலர் ஆணையை விரித்து, கடைசி வரியில் விரல் வைத்துக் காட்டினாள். அவர் அதைப் படித்தார், மறுபடி படித்தார். பிறகு இரண்டு கையாலும் தலையைப் பிடித்து இழுத்தார். ஒட்டு டேப் பிய்ந்து டோப்பா கையோடு வந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற நாங்கள் எல்லாரும் அந்த மொட்டைத் தலையைப் பார்த்தோம்.

"பாத்துக்குங்க. இது நைலான். நான் சொன்னதெல்லாம் தப்பு. முடியை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

அலுவலர் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒரே நாள்ல மொத்த முடியும் கொட்டிடுச்சே ஐயா. புத்தியும் பேதலிச்சுப் போச்சே." திரும்பி உதவியாளரிடம், கரைசலை இரண்டு மடங்காக்கச் சொன்னாள்.

"இந்த அம்மாவைக் கேளு," என்று இயக்குநர் கத்தினார். "அவங்கதான் இதைக் கட்டினாங்க. அம்மா, சொல்லுங்கம்மா."

அலுவலர் டோப்பாவைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தாள். அக்கா அதைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். தன் முடிச்சு ஒவ்வொன்றையும் விரலால் தடவினாள். எனக்கு அவள் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"நான் சொல்றேன்," என்றாள். "எங்க வீட்டுக்காரருக்கு அந்த விரல் முளைக்கட்டும். அன்னிக்கு வந்து சொல்றேன். அதுவரைக்கும் ஐயாவுக்கு மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

இயக்குநர் கண்ணாடியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அலுவலர் உள்ளே போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, தம்ளரை அவர் உதட்டில் வைத்தாள்.

"கவலைப்படாதீங்க ஐயா," என்றாள். "அந்த அம்மா வீட்டுக்காரருக்குத் துத்தநாகமும் நிறைய இருக்கு. துத்தநாகம் சதையை வளர்க்கும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. விரல் சீக்கிரமே முளைச்சிடும்."